தன்னுடல் அறியும் உணர்வு: கலைச்சொற்களின் வரலாறும் தமிழில் அவற்றின் இடமும்

1. முன்னுரை

இலண்டனில் அறுவை மருத்துவராகவும் உடற்கூற்று அறிஞராகவும் விளங்கிய சார்லஸ் பெல், 1833-இல் வெளியிட்ட ‘கை’ என்னும் நூலில் ஒரு தாயின் நிலையைப் பதிவு செய்துள்ளார். கைக்குழந்தைக்குப் பாலூட்டி வந்த அப்பெண் வாத நோய்க்கு ஆளானார். அவர் உடலின் ஒரு பக்கம் இயங்கும் ஆற்றலை இழந்தது. மறுபக்கம் இயங்கும் ஆற்றலை இழக்கவில்லை, உணர்ச்சியை இழந்தது. ஆற்றல் எஞ்சியிருந்த கையால் அவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில்தான் அது இயன்றது. கவனம் வேறொன்றின்மேல் சென்றால் கையின் பிடி சிறிது சிறிதாகத் தளரும். குழந்தை நழுவி விழும் நிலைக்கு வந்துவிடும்.

அக்கையில் வலிமை இருந்தது. குழந்தையைத் தாங்கவேண்டும் என்னும் விருப்பமும் தாயிடம் இருந்தது. இல்லாமற்போனது எது? அதற்கு அந்நாளில் நிலைபெற்ற பெயர் இல்லை. கண், செவி, மூக்கு, நா, தோல் ஆகிய ஐந்தனுள் எதிலும் முழுமையாக அடங்காத அவ்வுணர்வு, நலமுடன் இருப்போர்க்குத் தனித்துத் தோன்றுவதில்லை. அதனை இழந்தபோதுதான் அது இருந்தமை தெரியவருகிறது.

தன் உடலும் தன் செயலும் தன்னுடையவை என்னும் அறிவை மூளை எவ்வாறு உருவாக்குகிறது என்பது பற்றிய ஆராய்ச்சி ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உடையது. அதனை மருத்துவ வரலாறாக மட்டுமன்றிச் சொற்களின் வரலாறாகவும் காணவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒன்றெனக் கருதப்பட்ட உணர்வு இரண்டு என்று தெரிந்தபோதெல்லாம் ஒரு புதிய சொல் தேவைப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கியபோது ஆராய்ச்சியும் குழம்பியது. அக்குழப்பத்துள் ஒரு பகுதி மொழிபெயர்ப்பால் நேர்ந்தது. இத்துறையைத் தமிழில் எழுதவும் மொழிபெயர்க்கவும் முற்படுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

2. தசையுணர்வும் ஆறாம் புலனும்

மூளையின் ஏவலைத் தசைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளும், உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுவரும் நரம்பிழைகளும் வெவ்வேறு என்பது பெல், பாரிசைச் சேர்ந்த பிரான்சுவா மசாந்தி ஆகிய இருவரின் ஆய்வுகளால் 1822 அளவில் தெளிவாயிற்று. இதன் தொடர்ச்சியாகப் பெல் 1826-இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். மூளைக்கும் தசைக்கும் இடையே ஒரு நரம்பு வட்டம் உண்டு என்பது அதன் முடிவு. வட்டத்தின் ஒரு பாதி ஏவலைக் கொண்டுசெல்கிறது. மறுபாதி தசையின் நிலையை மூளைக்கு அறிவிக்கிறது. தசையின் நிலை தெரியாமல் தசையை ஆள இயலாது. குழந்தையைத் தாங்கிய தாயிடம் அற்றுப்போனது இவ்வட்டத்தின் இரண்டாம் பாதியே. இவ்வுணர்வு ‘தசையுணர்வு’ எனப்பட்டது. செருமானிய மொழியிலும் இதே பொருளில் ‘முஸ்கெல்சின்’ என்னும் கூட்டுச்சொல் வழக்குப் பெற்றது.

இதனை ஐம்புலனுக்கு அப்பாற்பட்ட ‘ஆறாம் புலன்’ என்று கூறும் வழக்கமும் ஐரோப்பிய எழுத்துகளில் உண்டு. அத்தொடரைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் இடர்ப்பாடு தோன்றும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. உற்றறிதல் முதலாவது, அதன் மேல் நா, மூக்கு, கண், செவி என்பன முறையே சேர்கின்றன, ஆறாவது மனம். இன்றைய பேச்சிலும் ‘ஆறறிவு’ என்றால் மக்களுக்கே உரிய பகுத்தறிவு என்றே பொருள்படும். ஆனால் தசையுணர்வோ ஈயிலும் மீனிலும் உள்ளது. மனத்தைவிட மிகப் பழமையானது. பெரும்பாலும் மனத்தின் கவனத்திற்கு வராமலே செயற்படுவது. ஆகவே இவ்விடத்தில் ‘ஆறாம் அறிவு’ என்று பெயர்ப்பது, உயிர் வரிசையின் அடியில் இருப்பதை உச்சியில் ஏற்றி வைப்பதாகும்.

3. தன்னுடையதைக் கொள்ளும் புலன்

தசையுணர்வு என்னும் பெயர் விரைவில் போதாததாயிற்று. உறுப்பின் நிலையை அறிவிப்பது தசை மட்டுமன்று. மூட்டு, தசைநாண், தோல் ஆகியனவும் பங்கேற்கின்றன. 1880-இல் ஆங்கில நரம்பியலறிஞர் என்றி சார்ல்ட்டன் பாஸ்டியன், இயக்கம், உணர்வு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்துக் ‘கினெஸ்தீசியா’ என்னும் பெயரை அமைத்தார். உணர்வு எவ்வுறுப்பில் பிறக்கிறது என்பதை விட்டு, எதனைப் பற்றியது என்பதை அப்பெயர் சுட்டியது. தமிழில் இதனை ‘இயக்கவுணர்வு’ எனலாம்.

1906-இல் சார்லஸ் செரிங்டன் மற்றொரு பிரிவினையைச் செய்தார். புறவுலகிலிருந்து வரும் தூண்டலைக் கொள்வன ஒரு வகை; உடலின் உட்பரப்பில் எழும் தூண்டலைக் கொள்வன மற்றொரு வகை; உடலே தன் இயக்கத்தால் தனக்கு விளைக்கும் தூண்டலைக் கொள்வன மூன்றாம் வகை. மூன்றாவதற்குத் ‘தனக்குரிய’ என்று பொருள்படும் இலத்தீன் அடைமொழியைக் கொண்டு ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்று பெயரிட்டார். உறுப்பாலும் பொருளாலும் அன்றி, உரிமையால் ஒரு புலனுக்குப் பெயர் அமைந்தமை நோக்கத்தக்கது. செரிங்டன் 1932-இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இச்சொல்லுக்குத் தமிழில் ஈடு காண்பது எளிதன்று. உடலின் நிலையை உணர்வது என்ற கருத்தில் ‘உடல்நிலை உணர்வு’ என்று அமைத்தால், ‘உடல்நிலை சரியில்லை’ என்னும் வழக்கு குறுக்கிட்டு உடல்நலம் பற்றிய உணர்வாகிவிடும். ‘தன்னுணர்வு’ என்பது தன்னைப் பற்றிச் சிந்திக்கும் உயர்நிலை அறிவையே குறிக்கும். ஆகவே இக்கட்டுரையில் ‘தன்னுடலுணர்வு’ என்னும் ஆட்சி கொள்ளப்படுகிறது.

இவ்வுணர்வின் பங்கினை இருபதாம் நூற்றாண்டின் ஒரு நிகழ்வு நன்கு விளக்குகிறது. 1971-இல் இங்கிலாந்தில் 19 அகவை இளைஞர் ஒருவர், தொற்றுநோய் ஒன்றன் பின்விளைவாகக் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் தன்னுடலுணர்வையும் முற்றிலும் இழந்தார். தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுறவில்லை. எனினும் முதலில் அவரால் உட்காரவும் இயலவில்லை. பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் நோக்கி, ஒவ்வோர் அசைவையும் எண்ணித் திட்டமிட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் கீழே விழுந்துவிடுவார். அவரைப் பற்றி ஜானதன் கோல் என்னும் மருத்துவர் 1991-இல் தனி நூலே எழுதினார். பெல் கண்ட தாயின் கையில் நிகழ்ந்தது இவருடைய உடல் முழுவதிலும் நிகழ்ந்தது எனலாம். இவ்வுணர்வுக்கு அடிப்படையான மூலக்கூறும் இன்று தெரிந்துள்ளது. ‘பீசோ-2’ என்னும் புரதம் அதற்கு இன்றியமையாதது என்று கண்ட ஆர்டெம் பட்டபூட்டியன், 2021-இல் டேவிட் ஜூலியசுடன் நோபல் பரிசு பெற்றார்.

4. சட்டகமும் படிமமும்: ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

தசையும் மூட்டும் அனுப்பும் செய்திகளே உடலறிவு முழுவதும் என்றால், இல்லாத உறுப்பை எவரும் உணர இயலாது. ஆனால் துண்டிக்கப்பட்ட உறுப்பில் வலி தோன்றுவதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பரே எழுதியுள்ளார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர் பலரை ஆராய்ந்த சைலஸ் வெய்ர் மிட்செல், 1871-இல் இதற்குப் ‘பேயுறுப்பு’ என்று பொருள்படும் பெயரை அளித்தார். உறுப்பு போன பின்னும் அதன் வடிவும் நிலையும் உணரப்படுவதால், உடலைப் பற்றிய ஓர் அமைப்பு மூளையிலேயே இருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வமைப்புக்கு 1911-இல் என்றி எட், கோர்டன் ஓம்ஸ் ஆகிய இலண்டன் மருத்துவர் இருவர் ‘ஸ்கீமா’ என்று பெயரிட்டனர். உடல் ஒவ்வொரு முறை அசையும்போதும், புதிய நிலை முந்தைய நிலையோடு ஒப்பிட்டு அளக்கப்படுகிறது. அவ்வாறு ஒப்பிடுவதற்கு உதவும் மாறிக்கொண்டேயிருக்கும் அளவுகோலே ஸ்கீமா. அது மனக்கண்ணில் தோன்றும் உருவம் அன்று. நனவுக்கு எட்டுமுன்னரே செயற்படுவது என்று அவர்கள் வரையறுத்தனர். அது தோலோடு முடிந்துவிடுவதும் இல்லை. பெண்ணொருத்தியின் இடமறியும் ஆற்றல் அவள் தொப்பியில் செருகிய இறகின் நுனி வரை நீளும் என்பது அவர்கள் காட்டிய சான்று. குடத்தைத் தலையில் சுமந்து தாழ்ந்த வாயிலில் குனிந்து நுழைபவர் குடத்தின் உயரத்தையும் சேர்த்தே குனிவதை நம் ஊர்களில் காணலாம்.

எட்டும் ஓம்சும் தெளிவாகப் பிரித்துக் கூறியது அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கலங்கியது. வியன்னாவைச் சேர்ந்த பவுல் ஷில்டர் 1923-இல் செருமானிய மொழியில் எழுதிய நூலின் பெயர் ‘உடல் ஸ்கீமா’ என்று பொருள்படும். அவரே அமெரிக்கா சென்றபின் 1935-இல் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூலின் பெயரில் ‘ஸ்கீமா’ நீங்கி ‘இமேஜ்’ இடம்பெற்றது. ஒருவர் தம் உடலைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள உருவம், அது அழகியது அல்லது அழகற்றது என்னும் மதிப்பீடு, பிறர் தம்மை எவ்வாறு காண்கின்றனர் என்னும் எண்ணம் ஆகிய அனைத்தும் அச்சொல்லுள் அடங்கின. 1939-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லெர்மித்தும் தம் நூற்பெயரில் ‘இமேஜ்’ என்பதையே ஆண்டார்.

மெய்யியலறிஞர் மொரீஸ் மெர்லோ-போந்தி 1945-இல் எழுதிய ‘புலனறிவின் தோற்றவியல்’ என்னும் பிரெஞ்சு நூல் ஸ்கீமா என்னும் சொல்லையே கருத்துடன் ஆண்டது. முதல் உலகப் போரில் தலையில் காயமுற்ற வீரர் ஒருவரைக் கூர்ட் கோல்ட்ஸ்டைனும் ஆதேமார் கெல்பும் ஆராய்ந்திருந்தனர். அவரால் தம் மூக்கைப் பற்ற முடியும். கடிக்கும் கொசுவின்மேல் கை தானே செல்லும். ஆனால் ‘மூக்கைச் சுட்டிக்காட்டுக’ என்றால் இயலாது. செயலுக்கு உதவும் உடலறிவு ஒன்று. உடலைப் பொருளாக்கிக் காணும் அறிவு மற்றொன்று. மெர்லோ-போந்தியின் வாதம் இவ்வேறுபாட்டைச் சார்ந்தது. ஆனால் காலின் ஸ்மித் 1962-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், பிரெஞ்சு மூலத்தின் ‘ஸ்கீமா’ ‘இமேஜ்’ என்று பெயர்க்கப்பட்டது. ஆங்கில வழியாகவே அந்நூலைக் கற்றோர்க்கு, ஆசிரியர் எதனை மறுத்தாரோ அதனையே கூறியதுபோல் தோன்றியது.

1986-இல் ஷான் காலகர் இவ்விரு சொல்லின் குழப்பத்தைத் தனிக் கட்டுரையில் ஆராய்ந்து, இரண்டையும் மீண்டும் பிரித்தார். 2012-இல் டானல்ட் லாண்டஸ் செய்த புதிய மொழிபெயர்ப்பில்தான் ‘ஸ்கீமா’ என்பது ஆங்கில வாசகர்க்குத் திரும்பக் கிடைத்தது. இடையில் கழிந்தவை ஐம்பது ஆண்டுகள். மொழிபெயர்ப்பாளர் நடைக்காகச் செய்யும் ஒரு சொல்மாற்றம் ஒரு துறையின் கருத்தையே எவ்வளவு காலம் மறைக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று. தமிழில் ஸ்கீமாவை ‘உடற்சட்டகம்’ என்றும் இமேஜை ‘உடற்படிமம்’ என்றும் வேறுபடுத்தி ஆளலாம். இரண்டையும் ‘உடலுருவம்’ என்று எழுதினால் ஐம்பது ஆண்டுப் பிழை தமிழிலும் தொடரும்.

5. ஏவலின் நகல்

உடல் எங்கே உள்ளது என்பது ஒரு வினா. உடலை அசைத்தவர் யார் என்பது மற்றொரு வினா. இரண்டாவதற்கு விடை கண்களின் ஆய்விலிருந்து வந்தது. கண்ணிமையின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினால் காட்சி அசைவதுபோல் தோன்றும். கண்ணைத் தாமே திருப்பினால், விழித்திரையில் படும் உருவம் அதைவிட மிகுதியாக நகர்ந்தும் உலகம் அசைவதில்லை. ஏர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களில் இதனை விளக்கும்போது, திருப்ப வேண்டும் என்னும் முயற்சியையே மூளை கணக்கில் கொள்கிறது என்றார். கண் தசை செயலற்றவர், கண்ணைத் திருப்ப முயலும்போது கண் திரும்பாமலே உலகம் துள்ளுவதாகக் காண்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

1950-இல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டெட் ஆகியோர் செருமனியில் ஒரு வகை ஈயின் தலையைத் திருப்பிப் பொருத்தி ஆராய்ந்தனர். அதன் இரு கண்களும் இடம் மாறின. அசையாதிருந்த ஈ நகரத் தொடங்கியதும் ஓயாமல் சுழன்றது. தசைக்குச் செல்லும் ஏவலின் நகல் ஒன்று மூளையில் வைக்கப்படுகிறது; கண் வழி வரும் செய்தியோடு அந்நகல் பொருந்தினால் மாற்றம் தன்னால் விளைந்தது; பொருந்தாவிடின் புறத்தால் விளைந்தது. தலை திரும்பிய ஈயில் இக்கணக்கு எதிர்மாறாகி, பிழை பெருகிக்கொண்டே சென்றது. அதே 1950-இல் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி, கண் திருப்பப்பட்ட மீனைக் கொண்டு தனியே இம்முடிவுக்கு வந்தார். முன்னவர் சூட்டிய செருமானியப் பெயரைத் தமிழில் ‘ஏவல் நகல்’ எனலாம்.

தன்னைத் தானே கூச்சம் காட்டிக்கொள்ள இயலாமைக்கும் இதுவே காரணம். 1998-இல் சாரா-ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃபிரித் ஆகியோர், தன் கையால் விளையும் தொடுவுணர்வைச் சிறுமூளையின் துணையோடு மூளை முன்னரே கணித்துத் தணிக்கிறது என்று காட்டினர். மனச்சிதைவு நோயருள், தம் செயல்களைப் பிறர் ஏவுவதாகக் கூறுவோரிடமும் குரல்கள் கேட்பதாகக் கூறுவோரிடமும் இத்தணிவு காணப்படவில்லை என்று இக்குழுவினர் 2000-இல் அறிவித்தனர். அந்நோயர் அனுபவிப்பது வெறும் கற்பனை அன்று. தம் ஏவலைத் தமதென்று அறியும் கணக்கில் நேர்ந்த பிழை என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

6. யாருடைய கை? யார் செய்த செயல்?

1914-இல் பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி, மூளையின் வலப்பக்கப் பாதிப்பால் இடக்கை செயலிழந்தும் அதனை அறியாத நோயரைப் பற்றி எழுதினார். இவ்வகை நோயர் சிலரிடம் இடக்கையை உயர்த்துமாறு கூறினால், உயர்த்திவிட்டதாகவே சொல்வர். வேறு சிலர், அக்கை தம்முடையதே அன்று, வேறொருவருடையது என்பர். இவ்விரண்டாம் நிலைக்கு 1942-இல் யோசப் கெர்ஸ்ட்மன் தனிப்பெயர் அளித்தார். முன்னவரிடம் பிழைபட்டது செயலறிவு. பின்னவரிடம் பிழைபட்டது உரிமையறிவு.

நலமுடையோரிடமும் உரிமையறிவை மாற்றலாம் என்பது 1998-இல் தெரிந்தது. மாத்யூ பாட்வினிக், ஜானதன் கோயன் ஆகிய இருவர், ஒருவருடைய கையைத் திரைக்குப் பின் மறைத்து, அவர் கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்தனர். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடியபோது, ரப்பர் கையிலேயே தொடுவுணர்வு தோன்றுவதாகவும் அதுவே தம் கை என்பதாகவும் பலர் உணர்ந்தனர். கண்ணும் தோலும் ஒத்துரைத்தபோது தன்னுடலுணர்வு தன் நிலையை விட்டுக்கொடுத்தது. 2004-இல் என்ரிக் எர்சனும் உடனாய்வாளரும் இவ்வுணர்வு எழும்போது மூளையின் முன்னியக்கப் புறணி செயற்படுவதைக் காட்டினர். இதற்கு முன்னரே, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன், கண்ணாடி ஒன்றன் துணையால் பேயுறுப்பு அசைவதாக நோயர் உணருமாறு செய்திருந்தார். 1996-இல் வெளியான அவர் ஆய்வு, கண் வழிச் செய்தி உடற்சட்டகத்தை மாற்றவல்லது என்பதற்கு மற்றொரு சான்று.

2000-இல் காலகர் இவ்வுண்மைகளைத் தொகுத்து இரு கலைச்சொற்களை நிலைப்படுத்தினார். அசைகின்ற உடல் என்னுடையது என்பது ஒன்று. அசைவுக்குத் தொடக்கம் நான் என்பது மற்றொன்று. பிறர் என்னைத் தள்ளும்போது அசைவது என் உடல்தான். அசைத்தவன் நான் அல்லேன். முன்னது மட்டும் உண்டு, பின்னது இல்லை.

7. தமிழிலக்கணம் தரும் சொற்கள்

இவ்விரண்டனுள் இரண்டாவதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டுவதில்லை. மூன்றாம் வேற்றுமையின் பொருளாகத் தொல்காப்பியம் கூறும் ‘வினைமுதல்’ என்பதே பொருத்தமானது. வினைக்கு முதலாய் நிற்பது என்னும் பொருளில் ‘வினைமுதலுணர்வு’ எனலாம். அவ்வேற்றுமையே கருவியையும் குறிப்பது கருதத்தக்கது. ‘கையால் எடுத்தேன்’ என்னும்போது கை கருவியாகிறது; எடுத்தவர் வேறாகிறார்.

அன்றாட வழக்கும் இவ்வேறுபாட்டை வினையிலேயே காட்டுகிறது. ‘கை அசைந்தது’, ‘கையை அசைத்தேன்’. ‘தலை திரும்பியது’, ‘தலையைத் திருப்பினேன்’. கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று பிரித்து விளக்கினார். முழங்காலில் மருத்துவர் தட்டும்போது ‘கால் உதறிற்று’ என்போமேயன்றிக் ‘காலை உதறினேன்’ என்னோம். ‘கைதவறி விழுந்தது’, ‘என்னையறியாமல் கை எழுந்தது’ என்னும் வழக்குகளும் உரிமையை ஒப்பி வினைமுதன்மையை மறுப்பனவே.

முதலாவதான உரிமையுணர்வுக்கு ‘உடைமையுணர்வு’ என்னும் மொழிபெயர்ப்பே எளிதில் தோன்றும். ஆனால் அது தவறான திசையில் செலுத்தும். உடைமை என்பது வாங்கவும் விற்கவும் இழக்கவும் கூடிய பொருள். ஆறாம் வேற்றுமைப் பொருளை நம் இலக்கணிகள் இரண்டாகப் பிரித்தனர். ‘சாத்தனது கை’ என்பதில் கை சாத்தனின் வேறன்று, அது தற்கிழமை. ‘சாத்தனது வீடு’ என்பதில் வீடு சாத்தனின் வேறு, அது பிறிதின்கிழமை. தன் கையை வேறொருவருடையது என்று கூறும் நோயரிடம் நிகழ்ந்தது, தற்கிழமை பிறிதின்கிழமையாக மாறியதே. ரப்பர் கை ஆய்வில் நிகழ்ந்தது அதன் மறுதலை. ஆகவே இதனைத் ‘தற்கிழமையுணர்வு’ என்பது ஆங்கிலச் சொல்லினும் நுட்பமாக அமையும். ஆங்கிலச் சொல்லில் வீட்டுக்கும் கைக்கும் உரிமை ஒன்றே.

இதனால் பண்டை இலக்கணிகள் மூளையியலை அறிந்திருந்தனர் என்று கொள்ளலாகாது. அவர்கள் ஆராய்ந்தது சொற்றொடரின் பொருளை. மூளையின் செயலை அன்று. வேற்றுமை உருபு ஒன்றாயிருந்தும் பொருள் இரண்டு என்று கண்ட அவர்களின் பகுப்பு, இன்றைய தேவைக்கு உதவுகிறது என்பதே கூறத்தக்கது. ‘கிழமை’ என்றவுடன் வாரநாளை நினைக்கும் பொது வாசகர்க்கு இச்சொல்லை விளக்கியே ஆளவேண்டும் என்பதும் உண்மை.

கலைச்சொல்லைவிட நடைமுறையில் முதன்மையானது வினாநிரல். பாட்வினிக்கும் கோயனும் ஆய்வுக்கு உட்பட்டோரிடம் ஒன்பது கூற்றுகளைக் கொடுத்து, எவற்றை ஒப்புகின்றனர் என்று கேட்டனர். அவற்றுள் ஒன்று, ரப்பர் கை தம் கையாகவே தோன்றியதா என்பது. மற்றொன்று, ரப்பர் கை வடிவிலும் தோல் நிறத்திலும் தம் கையை ஒத்து வரத் தொடங்கியதா என்பது. முதலாவதை உடன்பட்டோர் இரண்டாவதை அவ்வாறு உடன்படவில்லை. ஆய்வின் முடிவே இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. தமிழில் இரண்டையும் ‘அந்த ரப்பர் கை என் கை போல இருந்தது’ என்று பெயர்த்துவிட இயலும். ‘போல’ என்பது உவமையையும் உணரும், உளத்தோற்றத்தையும் உணர்த்தும். கேட்பவர் ‘ஆம்’ என்றால் எதற்கு ஆம் என்றார் என்பது தெரியாது. ‘அந்த ரப்பர் கையே என் கை என்று தோன்றியது’ என்றும், ‘அந்த ரப்பர் கை பார்வைக்கு என் கையைப் போல மாறிவருவதாகத் தோன்றியது’ என்றும் பிரித்து எழுதினாலன்றி அவ்வாய்வைத் தமிழரிடம் செய்து பயனில்லை.

மருத்துவமனையிலும் இதே இடர் உண்டு. வாத நோயரிடம் ‘கையை அசைக்க முடிகிறதா?’ என்று கேட்பது வினைமுதல் பற்றியது, ‘கை அசைகிறதா?’ என்று கேட்பது இயக்கம் பற்றியது. ‘இது யாருடைய கை?’ என்பது கிழமை பற்றியது. மூன்றும் வெவ்வேறு குறைகளைக் கண்டறியும் வினாக்கள். ‘கை மரத்துப் போயிற்று’ என்று நோயர் கூறினால் அது தொடுவுணர்வு இழப்பா, அசைவின் இழப்பா என்பதையும் கேட்டறிய வேண்டும்; வழக்கில் அத்தொடர் இரண்டுக்கும் ஆளப்படுகிறது. ஆங்கில வினாநிரலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுப்பதால் இவ்வேறுபாடுகள் காக்கப்படா.

8. முடிவுரை

தசையுணர்வு, இயக்கவுணர்வு, தன்னுடலுணர்வு, உடற்சட்டகம், ஏவல் நகல், தற்கிழமையுணர்வு, வினைமுதலுணர்வு என்னும் வரிசை, வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. 1826 முதல் 2000 வரை ஓர் அறிவு படிப்படியாகப் பிளவுபட்டுத் தெளிவுற்ற வரலாறு அது. சட்டகம் படிமமாகப் பெயர்க்கப்பட்ட இடத்தில் அவ்வரலாறு ஒருமுறை தடைப்பட்டது. அத்தடைக்குக் காரணம் மருத்துவர் மட்டும் அல்லர், மொழிபெயர்ப்பாளரும் ஆவர்.

நரம்பியல், உளவியல் வினாநிரல்கள் இந்திய மொழிகளில் ஆக்கப்படும்போது, மூலத்தில் வேறாய் நிற்கும் இரு கூற்றுகள் பெயர்ப்பில் ஒன்றாகிவிடவில்லையா என்று ஒவ்வொரு கூற்றையும் மற்றதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிறகு, துறையறியாத பொதுமக்கள் சிலரிடம் படித்துக் காட்டி, அவர்கள் கொண்ட பொருளை அவர்தம் சொல்லாலேயே கேட்டறிதல் வேண்டும். மருத்துவர் தனித்துச் செய்யக்கூடிய பணி அன்று இது. வேற்றுமையும் வினையும் அறிந்த மொழியியலாளர் உடனிருந்து செய்ய வேண்டியது. தன் கை தன்னுடையது அன்று என்று கூறும் ஒருவர், தாம் உணர்வதைப் பிழையின்றிச் சொல்வதற்குரிய சொற்களை நாம் அவருக்கு அளித்திருக்கிறோமா என்பதே முடிவான வினா.